பரவல் என்று எழுதப்பட்ட கட்டி

எங்கள் பக்கத்தில் விலாவுக்குக் கீழே வலித்தாலும், சிறுநீர் சற்றுச் சிவந்து போனாலும், எவரும் முதலில் நினைப்பது கல்லடைப்பைத்தான். திருநெல்வேலி வெயிலில் நாளெல்லாம் வயலிலும் கடையிலும் நின்று தண்ணீர் குடிக்க மறந்துபோகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது கல்லாகவே இருந்தும் விடுகிறது. அதனால் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் முதலில் வருகின்றன; ஸ்கேன் பிறகுதான் வருகிறது. களக்காட்டுக்குப் பக்கத்தில் வாழை பயிரிடும் என் தாய்மாமாவுக்கும் இந்த வரிசையில்தான் எல்லாம் நடந்தது. அவருக்கு அப்போது வயது 43. சிறுநீரில் ரத்தம் போயிற்று, வலி இல்லை. கல்லாக இருந்திருந்தால் வலி ஆளைச் சுருட்டிப் போட்டிருக்கும். வலியே இல்லாமல் ரத்தம் போவதுதான் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுகிற அறிகுறி என்பதை அறியாமல், வலிக்கவில்லை என்பதையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

நான் பாளையங்கோட்டையில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் கற்பிப்பவன். குடும்பத்தில் மருத்துவர் எவரும் இல்லாததால், ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து ஸ்கேன் அறிக்கை வரை எல்லாம் என் கைக்குத்தான் வந்து சேரும். மாமாவின் சிடி ஸ்கேன் அறிக்கையில் முடிவுப் பகுதியில் இரண்டு செய்திகள் இருந்தன. வலது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 3.8 சென்டிமீட்டர் அளவில் ஒரு திடக்கட்டி, சிறுநீரகப் புற்றாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது ஒன்று. இடது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் 3.2 சென்டிமீட்டர் அளவில் இன்னொரு கட்டி, அந்தப் புற்றின் பரவலாக இருக்கலாம் என்பது மற்றொன்று. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது செய்தியைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஐயம் அறிவில்லாமல் எழுதப்பட்டதன்று. சிறுநீரகப் புற்று பரவும் இடங்களில் நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை ஆகியவற்றோடு அட்ரினல் சுரப்பியும் உண்டு. அதே பக்கத்துச் சுரப்பிக்கு மட்டுமல்லாமல் எதிர்ப்பக்கத்துச் சுரப்பிக்கும் அது போகும். ஆனால் ‘இருக்கலாம்’ என்று அறிக்கையில் இருந்த சொல், அறிக்கை கைமாறக் கைமாற வலுத்துக்கொண்டே போயிற்று. நாங்கள் சென்ற தனியார் மருத்துவமனையில் அது ‘பரவியிருக்கிறது’ என்றாயிற்று. அன்று மாலை களக்காட்டில் அது ‘நாலாவது கட்டமாம்’ என்றாயிற்று. சிறுநீரகத்தோடு நின்றுவிட்ட புற்றுக்கும் தொலைவுக்குப் பரவிய புற்றுக்கும் உள்ள இடைவெளி சாதாரணமானதன்று. அமெரிக்கப் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டால், முதல் வகையினரில் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். இரண்டாம் வகையினரில் பத்தில் இருவருக்கும் குறைவானோரே கடக்கிறார்கள். மாமாவை இந்த இரண்டு கூட்டங்களில் எதில் நிறுத்துவது என்பது முழுக்க முழுக்க அந்த 3.2 சென்டிமீட்டர் கட்டி என்ன என்பதைப் பொறுத்திருந்தது. அதை உறுதிசெய்வதற்காக, ஊசி செலுத்தி அந்த அட்ரினல் கட்டியிலிருந்து சிறிது திசு எடுப்பதென்று முடிவாயிற்று.

அதற்கு முன்னால் மயக்க மருந்து மருத்துவரைப் பார்த்து ஒப்புதல் வாங்கி வர வேண்டும் என்றார்கள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண், இளம் வயது மருத்துவர். கோப்பைப் புரட்டியவர் ரத்த அழுத்தக் குறிப்புகள் இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரே நாளில் காலையில் 130, நண்பகலில் 210, இரவில் மீண்டும் 140 என்று எழுதியிருந்தது. நாங்களும் அதைப் பார்த்தோம். பயத்தினால் ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டோம். அவர் மாமாவிடம் கேட்டார்: “அண்ணாச்சி, தலைவலி, வேர்வை, நெஞ்சுப் படபடப்பு, இந்த மூணும் எப்பவாச்சும் ஒண்ணா சேந்து வருமா?”

மாமா சற்றும் யோசிக்கவில்லை. “வரும். தார் வெட்டித் தூக்கக் குனிஞ்சா வரும். பத்து நிமிசத்துல அதுவா போயிரும்.”

“முகம் வெளுத்துப் போகுமா?”

அதற்கு அத்தைதான் பதில் சொன்னார். பேயறைந்த மாதிரி வெளுத்துப் போகும் என்றும், அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போக முடியாது என்றும், கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் என்றும் சொன்னார். குடும்பத்தில் மாமாவைக் கோபக்காரர் என்றே எல்லோரும் வைத்திருந்தோம். அவருடைய கோபத்தில் ஒரு பகுதி கோபமே அன்று, ஒரு சுரப்பியின் வேலை என்பது அந்த அறையில்தான் தெரியவந்தது. மருத்துவர் அன்றைய ஊசியை நிறுத்தி வைத்தார். மேலிருப்பவர்களோடு அவர் அதற்காக எவ்வளவு வாதாட வேண்டியிருந்தது என்பதை நான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன்.

அவர் ஐயுற்றது ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அரிய கட்டியை. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் தோன்றி, அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் வேளை கெட்ட வேளையில் ரத்தத்தில் கொட்டும் கட்டி அது. ஓராண்டில் பத்து லட்சம் பேரில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு மட்டுமே புதிதாகக் கண்டறியப்படுகிறது. குனிவது, பாரம் தூக்குவது, வயிற்றை அழுத்துவது, சில மருந்துகள், மயக்க மருந்து, ஊசி என எது வேண்டுமானாலும் அதைத் தூண்டிவிடும். அது என்னவென்று தெரியாமல் ஊசியால் குத்தினால் ரத்த அழுத்தம் ஒரே பாய்ச்சலில் ஏறி, மூளையில் ரத்தக் கசிவோ மாரடைப்போ ஏற்பட்டு, ஆளே போய்விடக்கூடும். ஆகவேதான் அட்ரினல் கட்டி எதுவாயினும், அதில் கத்தியோ ஊசியோ படுவதற்கு முன் இந்தச் சுரப்பைச் சோதித்துவிட வேண்டும் என்பது மருத்துவத்தில் நெடுநாளாக இருந்துவரும் விதி. புற்று என்ற சொல் ஒரு தடவை கோப்பில் ஏறிவிட்டால் இத்தகைய விதிகள் மறந்துபோகின்றன என்பது என் எண்ணம். எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஒரு சொல்லே விடையாகிவிடுகிறது.

மாமாவின் பழைய மருந்துச் சீட்டுகளையும் அந்த மருத்துவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். சில ஆண்டுகளுக்கு முன் படபடப்புக்கென்று ஒருவர் பீட்டா தடுப்பு மாத்திரை எழுதியிருந்தார். அதைத் தின்ற வாரத்தில் தலைவலி மும்மடங்கானதால் மாமா அதைத் தோட்டத்து வாய்க்காலில் வீசியெறிந்துவிட்டார். மருந்து சாப்பிடாத பிடிவாதக்காரர் என்று அதற்கும் திட்டு வாங்கினார். உண்மையில் இந்தக் கட்டி உள்ளவர்களுக்கு முதலிலேயே பீட்டா தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால், ரத்தக்குழாய்கள் விரிவதற்கு இருக்கும் வழி அடைபட்டு, சுருங்குவதற்கான வழி மட்டும் திறந்திருக்கும். அழுத்தம் குறைவதற்குப் பதில் கூடும். முதலில் ஆல்ஃபா தடுப்பு, தேவைப்பட்டால் சில நாள் கழித்துப் பீட்டா தடுப்பு என்பதே முறை. மாமாவின் பிடிவாதம் அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அவர் அதை எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவார். ஆனால் அது உண்மை.

கட்டியை உறுதிப்படுத்தும் சோதனை எளிது. ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அட்ரினலினும் நார்அட்ரினலினும் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின், நார்மெட்டாநெஃப்ரின் என்ற கழிவுப்பொருள்களின் அளவைப் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பதானால் இருபது முப்பது நிமிடமாவது மல்லாந்து படுத்திருந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ கொடுத்தால் இல்லாத கட்டியும் இருப்பது போலத் தோன்றிவிடும். சில மருந்துகளும் உணவுகளும்கூட அளவைக் கூட்டிக் காட்டும். பரிசோதனைக் கூடத்திலிருந்து கொடுத்த தாளில், சோதனைக்கு முன் தவிர்க்க வேண்டியவற்றுள் காப்பிக்கு அடுத்ததாக வாழைப்பழம் இருந்தது. வாழைப்பழத்தில் இந்தச் சுரப்புகளுக்கு நெருங்கிய வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஏத்தனும் நாடும் விளைவிப்பவரிடம் பழத்தைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார்களே என்று அந்தக் கலவரத்திலும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதிரி சென்னைக்குப் போய் முடிவு வந்தது. நார்மெட்டாநெஃப்ரின் இயல்பான மேல்வரம்பைப் போலப் பல மடங்கு இருந்தது. பரவிய சிறுநீரகப் புற்று எதுவும் இப்படிச் சுரக்காது.

ஸ்கேனில் இரண்டும் ஏன் ஒன்று போலவே தெரிந்தன என்ற கேள்வி என்னை விடவில்லை. இரண்டுமே ரத்தக்குழாய்கள் மிகுந்த கட்டிகள். நிற மருந்தைச் செலுத்திப் படமெடுத்தால், சிறுநீரகப் புற்றுகளில் அதிகம் காணப்படும் தெளிசெல் (clear cell) வகையும் ஒளிரும், அதன் பரவலும் ஒளிரும், ஃபியோகுரோமோசைட்டோமாவும் ஒளிரும். படத்தை மட்டும் பார்த்து ஒருவர் தடுமாறுவது இயற்கை. ஆனால் இரண்டும் ஏன் இவ்வளவு ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொண்டன என்று கேட்டால் கதை வேறு திசையில் போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அறுவைக்கு மதுரையில் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். முதலில் அட்ரினல் கட்டி, அது அடங்கிய பிறகு சிறுநீரகம் என்று முடிவாயிற்று. புற்றை வைத்துக்கொண்டு மற்றதை முதலில் எடுப்பதா என்று ஊரிலிருந்து வந்த உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். 3.8 சென்டிமீட்டர் சிறுநீரகப் புற்று சில வாரங்கள் காத்திருக்கும்; அடங்காத ஃபியோகுரோமோசைட்டோமா அறுவை மேசையில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது. அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆல்ஃபா தடுப்பு மாத்திரை கொடுத்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தினார்கள். ஆண்டுக்கணக்கில் சுருங்கியே இருந்த குழாய்கள் விரியும்போது உள்ளே ஓடும் ரத்தத்தின் அளவு போதாமல் போகும் என்பதால், உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னார்கள். ரத்த அழுத்தக்காரர் என்று பத்தாண்டுகளாக ஊறுகாயைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்த மனிதருக்கு இப்போது கருவாடும் உப்புப் போட்ட மோரும் மருந்தாயின. “இத்தன வருசமா உப்பத் தொடாத, தொடாதன்னு உசுர எடுத்தீங்க. இப்ப அள்ளித் திங்கச் சொல்லுதீங்க. எதுதான்ல நெசம், மருமவனே?” என்று என்னிடம் கேட்டார். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. அதுவே மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றார்கள்.

இந்த ஆயத்தம் இல்லாத காலத்தில் இந்தக் கட்டியை எடுப்பது உயிரோடு சூதாடுவதாகவே இருந்தது. 1926இல் சுவிட்சர்லாந்தில் செசார் ரூ என்பவரும், அதே ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் நோயாளி பிழைக்கும்படி முதன்முதலில் இதை எடுத்தார்கள். மாமாவின் அறுவையில் கட்டியைக் கையால் தொட்டபோது அழுத்தம் 200ஐத் தாண்டியதாகவும், அதிலிருந்து புறப்படும் சிரையைக் கட்டியதும் சரிந்து விழுந்ததாகவும், இரண்டையும் எதிர்பார்த்துக் குழாய்களும் மருந்துகளும் ஆயத்தமாக இருந்ததாகவும் அறுவை மருத்துவர் பிறகு சொன்னார். சுரப்பி முழுவதையும் எடுக்காமல், வெளிப்பகுதியில் ஒரு துண்டை விட்டு வைத்திருந்தார். அது ஏன் என்பதற்கு அவர் அப்போது சொன்ன காரணம் எனக்கு முழுவதாகப் புரியவில்லை. சில வாரங்கள் கழித்து வலது சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் சுற்றிலும் சிறிது விளிம்போடு எடுத்து, மிச்சச் சிறுநீரகத்தை அப்படியே விட்டார்கள். திசு அறிக்கைகள் வந்தன. இடப்பக்கம் ஃபியோகுரோமோசைட்டோமா. வலப்பக்கம் தெளிசெல் புற்று, சிறுநீரகத்தை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் கட்டம் என்று களக்காடு முழுவதும் பேசப்பட்டவர் முதல் கட்டத்துக்கு வந்தார். உடம்பில் எதுவும் மாறிவிடவில்லை. ஒரு கட்டிக்குச் சரியான பெயர் கிடைத்ததுதான் நடந்த மாற்றம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 43 வயதில் ஒருவருக்குச் சிறுநீரகப் புற்று வருவதே வழக்கத்துக்கு மாறானது. பொதுவாக அறுபதுகளில் வரும் நோய் அது. 46 வயதிலோ அதற்கு முன்போ வந்தால் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது வழிகாட்டு நெறி. ஃபியோகுரோமோசைட்டோமா வந்தவர்களிலோ நூற்றுக்கு முப்பது நாற்பது பேருக்குப் பிறவியிலேயே ஏதேனும் ஒரு மரபணுவில் பழுது இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே உடம்பில் என்றால் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பெங்களூருக்கு ரத்தம் அனுப்பி வந்த விடை: விஎச்எல் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நோயின் பெயர் வான் ஹிப்பெல் லிண்டாவ். 1904இல் விழித்திரையில் தோன்றும் ரத்தக்குழாய்க் கட்டிகளை விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் வான் ஹிப்பெல்லும், 1926இல் அதே வகைக் கட்டிகள் சிறுமூளையிலும் வருவதைக் கண்டு இரண்டையும் இணைத்த சுவீடன் நோயியலாளர் லிண்டாவும் அந்தப் பெயருக்கு உரியவர்கள். பிறப்பவர்களில் ஏறத்தாழ 36,000 பேருக்கு ஒருவர் இந்தப் பழுதோடு பிறக்கிறார். மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு 1993இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இப்போது ரத்தக்குழாய்களின் கதைக்கு வருகிறேன். நம் செல்களுக்குள் எச்ஐஎஃப் என்ற புரதம் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் புதிய ரத்தக்குழாய்களை வரவழைப்பதும் சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்வதும் அதன் வேலை. ஆக்சிஜன் போதுமானதாக இருக்கும்போது விஎச்எல் புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். தாமிரபரணிக் கால்வாய்களில் வயல் நிறைந்ததும் மடையை அடைக்க ஆள் இருப்பது போல என்று வகுப்பில் சொல்வேன். மடைக்காரர் இல்லாவிட்டால் நிறைந்த வயலிலும் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். விஎச்எல் பழுதான செல் ஆக்சிஜனில் மிதந்துகொண்டே மூச்சுத் திணறுவதாக எண்ணி, ரத்தக்குழாய்களை வரவழைத்தபடி இருக்கிறது. மாமாவின் இரண்டு கட்டிகளும் ஸ்கேனில் ஒன்று போல ஒளிர்ந்தது இதனால்தான். ஒன்று மற்றொன்றின் பரவல் என்று ஏமாறவைத்த அதே ஒளிர்வு, இரண்டும் ஒரே பழுதின் இரு கிளைகள் என்பதற்கான தடயமாகவும் இருந்தது. ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுள் கேலின் இந்த அரிய குடும்பநோயை ஆராய்ந்தே அங்கு வந்து சேர்ந்தவர். குடும்பவழியாக வராத சாதாரணத் தெளிசெல் புற்றுகளிலும் பெரும்பாலானவற்றில் இதே மரபணு பழுதாகிக் கிடக்கிறது என்பது இந்த அரிய குடும்பங்கள் இல்லாவிட்டால் எப்போது தெரியவந்திருக்குமோ!

சிறுநீரகப் புற்றோடு சேர்ந்து வரும் வேறு இணைகளும் உண்டு. எஸ்டிஎச்பி மரபணுவில் பழுது இருந்தால் இதே வகைச் சுரப்புக் கட்டிகள் கழுத்திலும் வயிற்றிலும் தோன்றி, சில வேளைகளில் சிறுநீரகப் புற்றும் உடன் வரும். முகத்திலும் கழுத்திலும் வெண்பருக்கள், நுரையீரலில் காற்றுப் பைகள் ஆகியவற்றோடு சிறுநீரகக் கட்டி வருவது பர்ட் ஹாக் டூபே நோய். 1977இல் கனடாவில் விவரிக்கப்பட்டது. பெண்களுக்கு இளவயதிலேயே கருப்பையில் பெரிய தசைக்கட்டிகளும், தோலில் வலிக்கும் சிறு கட்டிகளும், மூர்க்கமான சிறுநீரகப் புற்றும் சேர்ந்து வரும் வகையும் இருக்கிறது. இவற்றைப் பற்றி நான் படித்தது மட்டுமே, பார்த்ததில்லை.

மரபணு என்ற பேச்சு வந்ததும் குடும்பத்தில் எழுந்த முதல் குரல் நான் எதிர்பார்த்ததுதான். மாமா மணந்திருப்பது சொந்த அத்தை மகளை. “சொந்தத்துக்குள்ளயே எடுத்துக் குடுத்தா இப்படித்தான் வரும்” என்று, தானும் மாமன் மகளைக் கட்டியிருந்த ஒரு பெரியவரே சொன்னார். இது இந்த நோய்க்குப் பொருந்தாது. உறவுக்குள் மணம் செய்வதால் கூடுகிற நோய்கள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றுபவை. விஎச்எல் அப்படியன்று. யாரேனும் ஒருவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி வந்தால் போதும். மற்ற நல்ல பிரதியை வாழ்நாளில் எங்கேனும் ஒரு செல் இழக்கும்போது அங்கே கட்டி முளைக்கிறது. அதனால்தான் இளவயதில் வருகிறது, இரு பக்கமும் வருகிறது, ஒன்றுக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமா நார்வேயில் பெண் எடுத்திருந்தாலும் இது இப்படியேதான் இருந்திருக்கும். ஐந்தில் ஒருவருக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றுகிறது.

இருந்தாலும் வம்சாவளியை வரையும்போது மரபணு ஆலோசகர் திண்டாடித்தான் போனார். ஒருவரே மாமாவுக்கு அத்தையாகவும் மாமியாராகவும் இருந்தார். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. பழுது தாத்தா வழியாக வந்திருந்தால் அவருடைய தங்கை வழியாக அத்தைக்கும் இருக்கலாம் என்பதால் அத்தையையும் சோதித்தார்கள், இல்லை. என் ஆச்சிக்கு முப்பது வயதை ஒட்டி ஒரு கண்ணில் பார்வை போனது. அடுப்புப் புகை என்று அப்போது சொன்னார்களாம். ஆலோசகர் வம்சாவளிப் படத்தில் ஆச்சியைக் குறித்த வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார். விழித்திரைக் கட்டி கசிந்து பார்வை போவது இந்த நோயில் அடிக்கடி நேர்வது. ஆச்சி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அந்தக் கேள்விக்குறி அப்படியேதான் இருக்கும். ஆச்சியின் மகளான என் அம்மாவுக்குச் சோதனை செய்தோம். இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை. அந்தத் தாளைப் படித்ததும் வந்த நிம்மதியோடு களக்காட்டுக்குப் போய் மாமாவின் முகத்தைப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. அவருடைய மகனுக்கு இல்லை. பதினைந்து வயது மகளுக்கு இருக்கிறது.

மருத்துவம் இந்தப் பெயரினால் எப்படி மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணமாகச் சிறுநீரகப் புற்று என்றால் முழுதாக எடுத்துவிட்டு நிம்மதியடையத்தான் எல்லோரும் விரும்புவார்கள். விஎச்எல் உள்ளவருக்கு வாழ்நாள் முழுவதும் இரு சிறுநீரகங்களிலும் புதிய கட்டிகள் முளைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கத்தி எடுத்தால் ஐம்பது வயதுக்குள் டயாலிசிஸில் நிற்க வேண்டியதுதான். ஆகவே திடக்கட்டி 3 சென்டிமீட்டரை எட்டும்வரை படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குக் கீழே இருக்கும்போது பரவுவது மிக அரிது. எட்டிய பின்னும் கட்டியை மட்டுமே எடுப்பார்கள். அட்ரினல் சுரப்பியில் ஒரு துண்டை மிச்சம் வைத்ததன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது: நாளை மற்றப் பக்கமும் கட்டி வந்து இரண்டையும் முழுதாக இழந்தால், வாழ்நாளெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி இருக்க வேண்டும். மடைக்காரர் இல்லாத இடத்தில் நேரே எச்ஐஎஃப்பைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2021இல் இந்நோய்க்கும், 2023இல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும், 2025இல் அறுவையால் எடுக்க முடியாத ஃபியோகுரோமோசைட்டோமாவுக்கும் ஒப்புதல் பெற்றது. மாமாவின் இரண்டு கட்டிகளும் ஒரே மருந்தின் பெயருக்குக் கீழே வந்து நிற்பதைப் பார்த்தபோது, அந்த முதல் ஸ்கேன் அறிக்கையை எழுதியவருக்கு இதை அனுப்பி வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த மாத்திரை ரத்தசோகையை உண்டாக்கும்; சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும் குரலையும் அது சேர்த்தே அடக்கிவிடுகிறது. மாமாவுக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, புற்றோடு வருகிற இரண்டாவது கட்டி ஒவ்வொன்றும் இப்படி அரியதாக இருக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அட்ரினலில் தற்செயலாகத் தென்படும் கட்டிகளில் மிகப் பல தொந்தரவில்லாத சாதாரணக் கட்டிகள். புற்று ஏற்கனவே இருப்பவர்களிடம் பல உண்மையிலேயே பரவல்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலிலும் வண்ணார்பேட்டை மருத்துவமனை வாசல்களிலும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இது தவறாக இருக்கக்கூடாதா என்று ஏங்குகிற குடும்பங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தருவது பாவம். நான் கேட்பது அதைவிடச் சிறியது. அட்ரினல் கட்டி பரவல் என்று சொல்லப்பட்டால், மெட்டாநெஃப்ரின் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பார்த்துவிட்டோம், இயல்பாக இருக்கிறது என்று பதில் வந்தால் அதோடு அந்தக் கேள்வி தீர்ந்தது. ஐம்பதை எட்டாத ஒருவருக்குச் சிறுநீரகப் புற்று என்றால், குடும்பத்தில் இளவயதில் பார்வை இழந்தவர், மூளைக்கட்டி வந்தவர், அறுவை மேசையில் இறந்தவர் யாரேனும் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மகளுடைய செய்தியை வெளியே சொல்லக் கூடாது என்பதில் அத்தை உறுதியாக இருக்கிறார். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களின் காதில் இது விழுந்தால் என்ன ஆவது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையைத் தவறென்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டேன். ஊர்ப்பெயரோடு வேறு எதுவும் சேராதென்றால் எழுது என்றார். ஆனால் மணம் செய்பவனுக்கும், கருவுற்றால் பார்க்கும் மருத்துவருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். கண்டறியப்படாத ஃபியோகுரோமோசைட்டோமா பேறுகாலத்தில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். அதை இப்போதே அத்தையிடம் அழுத்திச் சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் நான் சொல்லிவிட்டேன். அவள் பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள், நான் சொல்வதற்கு முன்னரே பாதியைப் படித்து வைத்திருந்தாள்.

அவளுடைய விழித்திரையை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அதற்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, 1988 முதல் திருநெல்வேலியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சிறிய கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் லேசரிலேயே சுட்டுவிடலாம் என்பதால் இந்த நோயில் கண் சோதனையைப் போலப் பலன் தருவது வேறில்லை. ஆண்டுக்கொரு முறை மெட்டாநெஃப்ரின். இரண்டாண்டுக்கொரு முறை மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வயிற்றுக்கும் எம்ஆர்ஐ. கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும் என்பதால் சிடி வேண்டாம் என்றார்கள். இதுவரை அவளிடம் எதுவும் தென்படவில்லை. மாமாவின் இடது சிறுநீரகத்தில் 1.1 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி இருக்கிறது, சென்ற ஆண்டும் அதே அளவில்தான் இருந்தது. இருவருக்கும் ஒரே நாளில் மதுரையில் நேரம் வாங்கியிருக்கிறோம். தார் வெட்டும் பருவம் முடிந்த பிறகு போகலாம் என்று மாமா தள்ளி வைக்கப் பார்த்தார், மகள் விடவில்லை.